குழுப்படத்தில் என் மனைவியின் வலது கை

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து திருடினேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் பிறகு யாரும் வந்து என்னைக் கேள்வி கேட்க முடியாது.

ஒரு காலையில் பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். ‘அதிகாரம்’ என்று சிறப்பிதழ் கொண்டுவருகிறாராம். எல்லோரும் தலைவர்களைத் திட்டிக் கவிதை அனுப்பிவிட்டார்கள், கதைதான் ஒன்றுகூட இல்லை என்றார்.

“உங்ககிட்ட ஏதாவது இருக்கா?”

“யோசிக்கணும்.”

“நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் பத்திரிகையையே மூடிடுவேன். வீட்ல மேடம் பாசிசத்தைப் பத்தித்தானே ஆராய்ச்சி பண்றாங்க? அவங்ககிட்ட கேட்டு எழுதுங்களேன்.”

ஓர் எழுத்தாளனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் தேவையில்லை. ஆனாலும் போனை வைத்த கையோடு நேரே மனைவியிடம்தான் போனேன். அவள் சாப்பாட்டு மேசையில் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

“அந்தப் போட்டோ விஷயத்தை எழுதிக்கட்டுமா?”

சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். அந்தப் போட்டோவைப் பற்றி அப்போது எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை, என் அம்மாவைத் தவிர.

“எழுதிக்கோ. ஆனா ரெண்டு கண்டிஷன். நீ தப்பா எழுதினா நான் குறிப்பு போடுவேன், அதை நீ எடுக்கக்கூடாது. இன்னொண்ணு, என்னை நல்லவளா ஆக்கக்கூடாது.”

“கெட்டவளா ஆக்கலாமா?”

“அதுக்கு நீ இன்னும் கொஞ்சம் நல்லா எழுதணும்.”

(நாங்கள் இருவரும் ‘நீ’, ‘வா’, ‘போ’தான். அம்மா அறைக்குள் வந்தால் மட்டும் அவள் ‘நீங்க’ என்று மாறிவிடுவாள். அம்மாவுக்கும் இது தெரியும். அதனால் ஒரு தடவை இருமிவிட்டுத்தான் உள்ளே வருவாள்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

*மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த அந்த மாலையில், பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்துக்கு முன்னால்*

[ஆய்வாளர் குறிப்பு: மழை இல்லை. மாலையும் இல்லை. உச்சிவெயில். வெயில் கண்ணில் அடித்ததால்தான் எங்களில் பெரும்பாலோர் கண்ணைச் சுருக்கி, தாடையை இறுக்கிக்கொண்டு நின்றார்கள். படத்தில் அது கொள்கை உறுதிபோலத் தெரிகிறது. வெயிலை எடுத்துவிட்டால் கதையே இல்லை.]

அந்த வாக்கியம் பாதியில் அப்படியே நிற்கட்டும். அடுத்த முயற்சி:

*பாசிசம் என்பது யாதெனில்,*

இதற்கு அவள் குறிப்பே போடவில்லை, வாய்விட்டுச் சிரித்தாள். அந்த ஒரு சொல்லுக்கு விளக்கம் சொல்லப் போய்த் தலை நரைத்த பேராசிரியர்களை வைத்து ஒரு பேருந்தை நிரப்பலாமாம். அதில் இரண்டு பேர் விளக்கம் ஒத்துப்போகாததால் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதே இல்லையாம். எனக்கு எதற்கு வம்பு. அந்த வாக்கியத்தையும் கமாவோடு விட்டுவிட்டேன்.

மூன்றாவது தொடக்கம் சட்டைகள் வந்து இறங்கியதிலிருந்து. அதுதான் சரி என்று தோன்றுகிறது. ஆனால் அதற்கு முன் அவள் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ளாவிட்டால், சட்டையில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். என் அம்மா இன்றுவரை அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

3

கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே பல நாடுகளில் சில இயக்கங்கள் தோன்றின. ஒவ்வொன்றும் ‘நாங்கள் இந்த மண்ணிலிருந்து முளைத்தவர்கள், வேறு யாரைப்போலவும் இல்லாதவர்கள், அந்நியமானது எதுவும் எங்களுக்கு ஆகாது’ என்று மார்தட்டியது. மார்தட்டிய எல்லோருமே ஒரே வண்ணச் சட்டையை (ஒரு நாட்டில் கறுப்பு, இன்னொன்றில் பழுப்பு) ஊர் முழுக்கப் போட்டுக்கொண்டு அணிவகுத்தார்கள். எல்லோருமே ஒரே மாதிரி வலது கையை நீட்டினார்கள். எல்லோருக்கும் ஒரு தலைவர், ஒரு முகாம், தொண்டை கிழியப் பாட ஒரு பாட்டு. ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொண்டார்கள், எடுத்ததை மறைத்தார்கள். ஒருமுறை பல நாட்டு இயக்கங்கள் ஓர் ஏரிக்கரை ஊரில் கூடி, நாமெல்லாம் ஒன்றாக இயங்கலாமா என்று பேசிக்கூடப் பார்த்தன. யாரை எவ்வளவு வெறுப்பது என்பதில் அவர்களுக்குள் ஒத்துவரவில்லை.

என் மனைவி ஆராய்வது இந்தக் கடன் வாங்கலைத்தான். எதை யார் யாரிடமிருந்து எடுத்தார்கள், எந்த வழியாக வந்தது, எடுத்த பிறகு எப்படி அதைச் சொந்தச் சரக்காக்கிக்கொண்டார்கள் என்பதை. எனக்கு அவள் சொன்னது இது: “எல்லாரும் எங்க மண்ணுல முளைச்சதுன்னுதான் சொல்றாங்க. விதை என்னவோ தபால்ல வந்திருக்கு.”

பதினோரு வருடமாக இதைப் படிக்கிறாள், பாடம் நடத்துகிறாள். பதினோரு வருடமாக அவள் வேலை தற்காலிகம். ஒவ்வொரு வருடமும் கோடை வந்தால் எங்கள் வீட்டில் ஒரு மௌனம் குடியேறும். அடுத்த வருடம் நீட்டிப்பார்களா மாட்டார்களா என்று தெரியாத மௌனம் அது. இந்த வருடம் துறையில் ஒரு நிரந்தர இடம் விழுந்தது. பாசிசத்தைப் பற்றித் துறை கூட்டவிருந்த மாநாட்டை நல்லபடியாக நடத்திக் கொடுத்தால் அது அவளுக்குத்தான் என்று துறைத்தலைவர் சொல்லியிருந்தார். இந்தக் கதையில் உங்களுக்குக் கவலைப்பட ஏதாவது வேண்டுமென்றால் அந்த வேலையைப் பற்றிக் கவலைப்படுங்கள். நாங்களும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

கட்டுரை முடிந்தது.

4

சட்டைகள் வந்து இறங்கின.

துறைத்தலைவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘ஆகட்டும்’. எதைச் சொன்னாலும் ஆகட்டும் என்பார், அதன்பின் அது ஆகாது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவரே முனைந்து நின்றார். வெளிநாட்டிலிருந்தெல்லாம் அறிஞர்கள் வருகிறார்கள், யார் தொண்டர், யார் விருந்தினர் என்று தெரியவேண்டாமா? தொண்டர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி சட்டை என்று முடிவு செய்தார். அவருக்குத் தெரிந்த தையற்கூடத்தில் ஒரு வாட்ச்மேன் கம்பெனிக்காகத் தைத்து, அவர்கள் வேண்டாமென்று விட்டுப்போன சட்டைகள் மூட்டையாகக் கிடந்தன. முழுக்கைச் சட்டை, மார்பில் இரண்டு பை, தோளில் பட்டை. நிறம் பழுப்பு.

மாநாட்டு நாள் காலை, கூடத்தின் வாசலில் பழுப்புச் சட்டை போட்ட மாணவர்கள் இரண்டு வரிசையாக நின்று, பாசிசத்தைப் பற்றிப் பேச வந்த அறிஞர்களை “இந்தப் பக்கம் வாங்க, வரிசையா வாங்க” என்று அழைத்துக்கொண்டிருந்ததை என் மனைவி பார்த்தாள்.

“சார், பிரவுனா?”

“அழுக்கு தெரியாதும்மா.”

“சார், இன்னிக்கு நான் பேசப்போறதே இந்தக் கலர் சட்டையைப் பத்தித்தான்.”

“அப்ப பொருத்தமாத்தானே இருக்கு? பேசுங்க, பேசுங்க. ஆகட்டும்.”

(இங்கே ஒரு தயக்கம். துறைத்தலைவரை வில்லனாக்கிவிடலாம் என்று கை துறுதுறுக்கிறது. ஒரு கொடூரச் சிரிப்பு, ஒரு மோதிரம் போதும். எழுதியும் பார்த்தேன்.)

[ஆய்வாளர் குறிப்பு: அவர் மோதிரம் போடுவதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது என் வகுப்புகளைக் கேட்காமலே எடுத்தவர். வில்லன் ஒருவர் இருந்தால் படிப்பவர்கள் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார்கள். இவர் நல்ல மனிதர். அதுதான் சிக்கலே.]

மோதிரத்தைக் கழற்றிவிட்டேன்.

மதிய இடைவேளையில் குழுப்படம். படமெடுக்க வந்தவர் கல்யாணங்களுக்குப் படமெடுப்பவர். வைத்திருந்த ட்ரோனை முன்னிட்டு எல்லோரும் அவரை ‘ட்ரோன் தம்பி’ என்பார்கள், நாற்பதைத் தாண்டியவர் என்றாலும். கல்யாண வீட்டில் எப்படியோ அப்படியே இங்கேயும் எல்லோரையும் அதட்டி உருட்டி நிற்கவைத்தார். படிக்கட்டில் மேல்வரிசையில் அறிஞர்கள், கீழே இரண்டு பக்கமும் பழுப்புச் சட்டைகள். பின்னால் பதாகை: ‘பாசிசம்: எல்லை தாண்டிய ஓர் இயக்கம்’. வெளிநாட்டிலிருந்து வந்த நெட்டைப் பேராசிரியர் முதல் சொல்லை முழுசாக மறைத்துக்கொண்டு நின்றார். மீதி ‘எல்லை தாண்டிய ஓர் இயக்கம்’ மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

ட்ரோன் மேலே போனது.

“எல்லாரும் மேல பாருங்க! கேமராவைப் பாத்து கை காட்டுங்க! இடது கையில பை இருக்கா? பரவால்ல, வலது கை போதும். இன்னும் நீட்டுங்க மேடம், மாப்ளைக்கு டாட்டா காட்டுற மாதிரி! சூப்பர்! அப்படியே இருங்க!”

அப்படியே இருந்தார்கள்.

காணொளியில் பார்த்தால் கைகள் அசையும். நின்ற படத்தில் அசையாது.

5

இந்த இடத்தில்தான் நான் வசமாக மாட்டிக்கொண்டேன். என் முதல் பிரதியில் எழுதியிருந்தது இது:

*அத்தனை கைகளும் உயர்ந்தன. ஒரே ஒரு கை மட்டும் உயரவில்லை. பழுப்புச் சட்டைகளுக்கு நடுவே, பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு பெண் மட்டும்*

[ஆய்வாளர் குறிப்பு: என் கை உயர்ந்திருக்கிறது. இரண்டாவது வரிசை, இடமிருந்து நான்காவது ஆள். படத்தைப் பார்த்துவிட்டு எழுதவும்.]

குறிப்போடு நிற்காமல் எழுந்து என் அறைக்கே வந்துவிட்டாள்.

“ஏன் என் கையை இறக்கின?”

“கதைக்கு நல்லா இருக்கும். எல்லாரும் தூக்கறாங்க, ஒருத்தி மட்டும் தூக்கல.”

“நான் தூக்கினேனே.”

“தெரியும். ஆனா கதையில…”

“கதைதானேன்னு சொல்லாத. போர் முடிஞ்சதும் எத்தனை பேர் சொன்னாங்க தெரியுமா, கூட்டத்துல நின்னேன், ஆனா நான் மட்டும் கை தூக்கலன்னு? அவங்க சொன்னதையெல்லாம் கூட்டிப் பாத்தா அங்க ஒருத்தருமே கை தூக்கல. அதைப் பத்தி நான் ஒரு அத்தியாயமே எழுதியிருக்கேன். இப்ப நீ என்னையும் அந்த லிஸ்ட்ல சேக்கற.”

கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். “சரி, நீ ஏன் தூக்கின? உனக்குத்தானே மத்த எல்லாரையும்விட நல்லாத் தெரியும்?”

ஏதோ மேற்கோள் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

“எல்லாரும் தூக்கினாங்க,” என்றாள். “அந்த ஆள் வேற நல்லாப் பேசினார்.”

போனில் படத்தைப் பெரிதாக்கித் தன் முகத்தைக் காட்டினாள். “கையைக்கூட விடு. சிரிப்பைப் பாரு. எவ்ளோ சந்தோஷமா இருக்கேன் பாரு.”

அவள் கல்யாண ஆல்பத்தில்கூட இப்படிச் சிரித்ததில்லை. வருத்தமாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. இதை எழுதலாமா என்று கேட்டேன், எழுதிக்கொள் என்றாள்.

அப்போது இருமல் கேட்டது. அம்மா உள்ளே வந்து போனை எட்டிப் பார்த்தாள். “இந்தப் படமா? இதுல என் மருமக ஒருத்திதான் வாய்விட்டுச் சிரிக்கிறா. மத்ததெல்லாம் விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி நிக்குதுங்க. நான் இதைத்தான் என் போன்ல வச்சிருக்கேன்.”

“அத்தை, அதை எடுத்துடுங்களேன்.”

“ஏன் எடுக்கணும்? எவ்ளோ அழகா டாட்டா காட்டுற!”

உண்மையில் அம்மா சொன்னதுதான் நடந்தது. அதை நம்ப உலகத்தில் அம்மா ஒருத்திதான் மிச்சம்.

6

படம் துறையின் இணையப் பக்கத்தில் ஏறிய பிறகு அது எங்கள் கையில் இல்லை. இனி வருவதை நான் கற்பனை செய்திருந்தால் பத்திரிகை ஆசிரியர் ‘மிகை’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பியிருப்பார்.

முதலில் கடல் தாண்டிய ஒரு மண்ணின் மைந்தர் கட்சி அதைப் பகிர்ந்தது: ‘தூர தேசத்துச் சகோதரர்களும் விழித்துக்கொண்டார்கள்.’ அடுத்து மலை தாண்டிய ஒரு கட்சி, பதாகையை அழித்துவிட்டு: ‘கலப்படமற்ற நம் இளைஞர்கள், நம் சொந்த ஊர்ப் படிக்கட்டில்.’ மூன்றாவது கட்சி அதே படத்தில் அதே ஆட்களைச் சுற்றி வட்டம் போட்டு: ‘நம் நாட்டுக்குள் ஊடுருவிய அந்நியர்களின் ரகசியக் கூட்டம்! உஷார்!’ நான்காவதாக யாரோ அதற்கு முரசொலியும் குழல் இசையும் சேர்த்துவிட்டார்கள். நெட்டைப் பேராசிரியர் பாவம், வாழ்நாள் முழுக்கப் பாசிசத்துக்கு எதிராக எழுதியவர், ஒரு நாட்டில் வருங்காலத் தலைவராகவும் இன்னொரு நாட்டில் ஒற்றர் தலைவராகவும் ஒரே வாரத்தில் உயர்ந்துவிட்டார்.

என் மனைவிக்கு இரண்டு முகம். கழுத்துக்கு மேலே வெட்கத்தில் சிவந்திருந்தாள், விரல்களோ ஒவ்வொரு பகிர்வையும் எங்கிருந்து எங்கே போனது என்று படம் வரைந்துகொண்டிருந்தன. “பாரேன், மூணாவது கட்சி ரெண்டாவதுகிட்டேயிருந்து எடுக்கல, முதல் ஆள்கிட்டேயிருந்துதான் எடுத்திருக்கு! ஓரத்தை வெட்டியிருக்கிறதைப் பாத்தா தெரியுது!” என்று கத்துவாள். அடுத்த நிமிடம் தலையில் கை வைத்துக்கொள்வாள். பதினோரு வருடமாக அவள் பழைய கோப்புகளில் துரத்திய ஒன்று, அவள் முகத்தையே ஏந்திக்கொண்டு கண்ணெதிரே ஊர் சுற்றியது.

[ஆய்வாளர் குறிப்பு: “கத்துவாள்” என்பது மிகை. மற்றவை சரி.]

7

துறைத்தலைவர் வீட்டுக்கே வந்தார். காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். இந்த உரையாடலின்போது நான் அடுப்படியில் இருந்தேன். காபி கொதிக்கிற சத்தம் அதிகம் வராமல் பார்த்துக்கொண்டேன், ஒரு வரியும் தப்பிப்போகவில்லை.

“நிர்வாகத்துல கேக்கறாங்கம்மா. அடுத்த வாரம் உங்க நேர்காணல். குழுவுல இருக்கிறவங்க முக்கால்வாசிப் பேர் அந்தப் படத்துல இருக்காங்க, நான் உட்பட. ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்துடுங்க. அந்தப் படம் கம்ப்யூட்டர்ல மாத்தினதுன்னு. முடிஞ்சுது.”

“மாத்தலையே சார்.”

“மாத்தலைதான். யாரு போய்ப் பாக்கப்போறா?”

“சார், அப்ப ட்ரோன் தம்பி மேல பழி விழுமே?”

“அவருக்குக் கல்யாண சீசன். ஒண்ணும் ஆகாது. எனக்கு உங்க வேலைதாம்மா முக்கியம். உங்களை இன்னொரு வருஷம் இப்படி அலைய விட்டா நான் மனுஷனே இல்லை.”

அவர் இதை நடிக்கவில்லை. மோதிரம் மட்டும் போட்டிருந்தால் எவ்வளவு சுலபமாக வெறுத்திருப்பேன்.

“யோசிக்கிறேன் சார்,” என்றாள்.

“ஆகட்டும்,” என்றார். காபி குடிக்காமலே போய்விட்டார்.

8

அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போது நான் ட்ரோன் தம்பியின் கடைக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். கதையில் அவள் கையை இறக்க விடவில்லை, படத்திலாவது இறக்கிவிடலாம் என்றுதான். எழுத்தாளனும் அவரும் அடிப்படையில் ஒரே தொழில். யார் எங்கே நிற்கவேண்டும், யார் எப்போது சிரிக்கவேண்டும் என்று அதட்டுகிற தொழில்.

கடை மாடியில் இருந்தது. மாலை போட்ட ஜோடிகளின் பெரிய பெரிய படங்களுக்கு நடுவே அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் அதே குழுப்படம்.

“வாங்க சார், உக்காருங்க. மேடம் கையா? அஞ்சு நிமிஷ வேலை.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எல்லாரும் அதுக்குத்தானே வர்றாங்க.” திரையில் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். “இது உசரமான சார் கேட்டது. அவரு கையை மட்டும் இறக்கியாச்சு. இது உங்க ஹெட் கேட்டது. இது கண்ணாடி போட்ட அம்மாவுது. இவர் பாருங்க, கையை இறக்கினது போதாதாம், முகத்துல ஒரு கோவம் வேணும்னார். ரொம்பக் கஷ்டப்பட்டு வச்சேன்.”

ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே போனார். ஒவ்வொன்றிலும் ஒரே கூட்டம், ஒரே படிக்கட்டு, நீட்டிய கைகளின் ஒரே காடு. ஒவ்வொன்றிலும் ஒரே ஒருவர் மட்டும், படத்துக்குப் படம் வேறு ஒருவர், கையைத் தொங்கவிட்டுக்கொண்டு தனியாக நின்றார். உலகத்திலேயே தான் ஒருவர்தான் என்பதுபோல.

“ஒரே படத்துல எல்லார் கையையும் இறக்கிட்டா வேலை மிச்சமாச்சே?” என்று கேட்டேன்.

“நானும் சொன்னேன் சார். வேண்டாம்னுட்டாங்க. மத்தவங்க கை மேல இருந்தாத்தானே இவங்க இறக்கினது தெரியும்?” சுட்டியை உருட்டினார். “எனக்கு இந்தப் பாசிசமெல்லாம் தெரியாது சார். ஃபிரேம்ல கை காலியா இருக்கக்கூடாது, அவ்ளோதான் பாத்தேன். ஆனா ஒண்ணு, அன்னிக்கு நான் சொன்னதும் இவ்ளோ சீக்கிரமாக் கை தூக்கின கூட்டம் இதுதான். கல்யாணத்துல எல்லாம் தொண்டை வத்திடும்.”

மனைவியின் கையை இறக்கி, ஒரு பிரதி போட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். சிரிப்பை அவரால் எடுக்க முடியவில்லை. கை தொங்க, கை நீட்டிய கூட்டத்துக்கு நடுவே மகிழ்ந்து சிரிக்கிற ஒருத்தி. முன்னைவிட விபரீதமாக இருந்தது.

அவள் அதை ரொம்ப நேரம் பார்த்தாள். கிழிப்பாள் என்று எதிர்பார்த்தேன். கதைக்கு அது நன்றாக இருந்திருக்கும். கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

9

நேர்காணல் அறைக்குள் நான் இல்லை. அவள் சொன்னதிலிருந்து கட்டியெழுப்புகிறேன்.

நீளமான மேசை. துறைத்தலைவர், கண்ணாடி போட்ட அம்மாள், கோப முகம் வைத்துக்கொண்டவர், நிர்வாகத்திலிருந்து ஒருவர். நெட்டைப் பேராசிரியர் ஊர் திரும்பிவிட்டார், வெளி நிபுணராகத் திரையில் வந்தார். ஆராய்ச்சியைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார்கள். பிறகு நிர்வாக ஆள் தொண்டையைச் செருமிக்கொண்டு படத்தைப் பற்றிக் கேட்டார்.

உடனே துறைத்தலைவர், குழப்பம் வேண்டாம் என்று தன் கோப்பிலிருந்து ஒரு பிரதியை எடுத்து வைத்தார். அதில் அவர் கை கீழே. கண்ணாடி அம்மாள் முகம் மாறி, “இல்லையே, ஒரிஜினல் என்கிட்ட இருக்கு” என்று தன்னுடையதை எடுத்தார். அதில் அவர் கை கீழே, துறைத்தலைவர் கை மேலே. கோபக்காரர் தன்னுடையதை எடுத்தார். திரையிலிருந்து நெட்டைப் பேராசிரியர் தன்னுடையதைக் கேமராவுக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார், மூக்குத்தான் தெரிந்தது. மேசை முழுக்க ஒரே படம், ஒவ்வொன்றிலும் ஒரு நிரபராதி.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லையாம்.

“உங்ககிட்டயும் ஒண்ணு இருக்கா?” என்று நிர்வாக ஆள் அவளைக் கேட்டார்.

இருந்தது. நான் வாங்கிக் கொடுத்தது. *அவள் ஒரு கணமும் தயங்காமல்*

[ஆய்வாளர் குறிப்பு: தயங்கினேன். கை பைக்குள் போய்விட்டது. படத்தின் ஓரத்தைத் தொட்டேன். வீட்டு வாடகை, அத்தையின் கண் ஆபரேஷன், பதினோரு கோடை, எல்லாம் நினைவுக்கு வந்தன. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அதை நீ “ஒரு கணம்” என்று எழுதாதே.]

*அவள் தயங்கினாள்.* பிறகு வெறுங்கையை வெளியே எடுத்தாள்.

“இல்ல சார். நான் தூக்கினேன். சிரிச்சுக்கிட்டே தூக்கினேன்.”

“அப்படீன்னா அந்தப் படம்…”

“படம் நிஜம். யாரும் மாத்தல. மாத்தினதெல்லாம் இதோ இங்க இருக்கு.” மேசையைக் காட்டினாள். “இதை எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்தா அன்னிக்கு யாருமே கை தூக்கல. என் அடுத்த கட்டுரை இதைப் பத்தித்தான். உங்க படங்களையும் தந்தீங்கன்னா உதவியா இருக்கும். பேர் போட மாட்டேன்.”

சிரிப்பு வந்தது திரையிலிருந்துதான். நெட்டைப் பேராசிரியர் மூக்கு குலுங்கச் சிரித்தாராம், பிறகு அவர் பக்கம் இணைப்பு போய்விட்டதாம். போய்விட்டதா, போக்கிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

துறைத்தலைவர் வாசல்வரை கூடவே வந்து, “நல்லதுக்குத்தான் சொன்னேம்மா” என்றார். கண் கலங்கியிருந்தது என்கிறாள் இவள். முடிவை விரைவில் தெரிவிப்பதாகச் சொன்னாராம்.

“ஆகட்டும் சார்,” என்று இவள் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

10

இன்னும் தெரிவிக்கவில்லை. இதுதான் என் பிரச்சினை. வாழ்க்கை முடிவைக் கொடுக்காமல் இழுத்தடிக்கிறது, ஆசிரியரோ தினமும் போன் செய்கிறார்.

எழுதி வைத்திருக்கும் முடிவுகளைக் காட்டிவிடுகிறேன்.

முதல் முடிவு: வேலை கிடைக்கிறது. குழு வெட்கப்பட்டு, அந்த வெட்கத்தாலேயே நேர்மையாக நடந்துகொள்கிறது. அம்மா தெருவில் எல்லோருக்கும் போனில் அந்தப் படத்தைக் காட்டுகிறாள். எனக்குப் பிடித்த முடிவு இது. இதை மட்டும் பல தடவை திருத்தி எழுதினேன். கடைசிப் பிரதியில் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம்.

இரண்டாவது முடிவு: கிடைக்கவில்லை. கட்டுரை வெளியாகிறது. எல்லா நாட்டிலும் படிக்கிறார்கள். ஒவ்வொரு நாட்டிலும், “நல்லவேளை, இது அங்கேதான் நடக்கும், நம்ம ஊரில் நடக்காது” என்று பெருமூச்சு விடுகிறார்கள். அவள் மறுபடி தற்காலிகம்.

மூன்றாவது முடிவு: கோபமுகக்காரருக்குப் பதவி உயர்வு. இதை எழுதவே வேண்டியதில்லை, தானாக நடக்கும்.

ஆசிரியரிடம் மூன்றையும் படித்துக் காட்டினேன்.

“எதுக்கு மண்டையை உடைச்சுக்கறீங்க?” என்றார். “வாசகர்கிட்ட விட்டுடுங்க. இப்ப எல்லாரும் அப்படித்தான் முடிக்கிறாங்க.”

சரி, விட்டுவிடுகிறேன். இவ்வளவு தூரம் கூட வந்த உங்களுக்கு அந்த உரிமை உண்டு. வெயிலில் நிற்கவைக்க மாட்டேன், வரிசையில் நிற்கச் சொல்ல மாட்டேன். பிடித்த முடிவைச் சொன்னால் போதும். அவளுக்கு வேலை கிடைக்கவேண்டும் என்று நினைக்கிறவர்கள் மட்டும், எங்கே, கொஞ்சம் வலது கையைத் தூக்குங்கள்.

இன்னும் கொஞ்சம் மேலே. பின்னால் இருப்பவர்களும்.

அப்படியே இருங்கள்.

…

மன்னித்துக்கொள்ளுங்கள். என் குரலை நானே இப்போதுதான் கேட்டேன். தூக்கியவர்கள் இறக்கிவிடுங்கள். யார் யார் தூக்கினீர்கள் என்று கேட்கமாட்டேன். கேட்டால் ஒருவரும் தூக்கவில்லை என்றுதான் வரும். முடிவு வந்தால் வரட்டும், நான் இந்தப் பக்கத்தை இங்கேயே நிறுத்திவிட்டுக் காபி போடப் போகிறேன்.

[ஆய்வாளர் குறிப்பு: நான் தூக்கினேன். சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருந்தேன், தூக்கிவிட்டேன். சிரித்துக்கொண்டுதான். எனக்கு அந்த வேலை வேண்டும்.]